ஸ்டைன்பெக்கின் நாவலும் கேர்ண் கவுண்டியும்

1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தின் கேர்ண் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிற்று. ஜோன் ஸ்டைன்பெக் அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிட்ட ‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ என்னும் நாவலைக் கவுண்டியின் நூலகங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் நீக்கவேண்டும் என்பது தீர்மானம். ஐவர் கொண்ட சபையில் நால்வர் ஆதரித்தனர், ஒருவர் எதிர்த்தார். நாவலைப் படமாக்க முனைந்த நிறுவனம் அம்முயற்சியைக் கைவிடவேண்டும் என்றும் சபை கேட்டுக்கொண்டது. நூலின் மொழி ஆபாசமானது, கவுண்டியின் நிலைமையைத் திரித்துக் காட்டுவது என்பன சொல்லப்பட்ட நியாயங்கள். பெருநிலக்காரரின் சங்கத்தினர் பேக்கர்ஸ்பீல்ட் நகரில் நூற்பிரதி ஒன்றை எரிப்பித்துப் புகைப்படமும் எடுப்பித்தனர். தடை 1941 ஜனவரி வரை நீடித்தது.

ஸ்டைன்பெக்கைப் பற்றி எழுதுவோர் இந்நிகழ்ச்சியைச் சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். பட்டினியின் காவியம், தாய்மையின் காவியம், மனிதாபிமானத்தின் காவியம் என்றெல்லாம் நாவலுக்குப் பட்டங்கள் சூட்டப்பட்டுவிட்டன. அவை பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் மனிதாபிமானத்தை எந்தச் சபையும் தடைசெய்வதில்லை. கண்ணீர் வரவழைக்கும் நூல்களை ஆளும் வர்க்கம் அன்புடன் பரிசளித்துக்கொள்ளும். இந்நூலைக் கண்டு முதலில் வெகுண்டெழுந்தது வாஷிங்டன் அரசு அன்று. வீதிகளையும் வைத்தியசாலையையும் நூலகத்தையும் சிறைச்சாலையையும் கவனிக்கும் ஓர் உள்ளூராட்சிச் சபையே வெகுண்டெழுந்தது. ஏன் என்ற கேள்வியைக் கேட்டாலன்றி நாவலின் நடுப்பகுதி நமக்கு விளங்காது. அந்நடுப்பகுதியே நூலின் உயிர்நிலை என்பது எனது கருத்து.

கவுண்டி என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழுள்ள ஆட்சிப் பிரிவு. கேர்ண் கவுண்டி 1866இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைநகர் மலையிலிருந்த ஹவைலா என்ற பொன்சுரங்க ஊர். பொன் குறைய, விவசாயம் தலையெடுக்க, 1874இல் தலைமை சமவெளியிலிருந்த பேக்கர்ஸ்பீல்டுக்கு இறங்கிற்று. தோமஸ் பேக்கர் என்பார் 1863இல் அங்கு வந்து சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர்செய்தவர். வழிப்போக்கர் தங்கிச் சென்ற அவரது வயலே நகரின் பெயராயிற்று.

இந்நகரின் தொடக்ககால வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1873இல் நகராட்சி பெற்ற பேக்கர்ஸ்பீல்ட், மூன்றே ஆண்டுகளில், 1876இல், தன் நகராட்சியைத் தானே வாக்களித்துக் கலைத்துக்கொண்டது. நகரின் காவல் அதிகாரி ஒருவரைப் பதவி நீக்க வர்த்தகர்கள் விரும்பினராம். நேரே நீக்க அஞ்சினராம். நகராட்சியையே இல்லாமற் செய்தால் அவருக்கு உத்தியோகமும் இல்லாமற் போய்விடும் அல்லவா! வரி சேராமையும் ஒரு காரணம் என்பர். எவ்வாறாயினும் மீண்டும் நகராட்சி அமைய 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளூராட்சி என்பது சொத்துடையோர் தேவைப்படும்போது விரித்துத் தேவைப்படாதபோது சுருட்டிவைக்கும் பாய் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இரயில்பாதை வந்ததும் ஊர்களைப் பிறப்பிக்கும் உரிமை அதன் கைக்குச் சென்றது. சதேண் பசிபிக் கம்பனி பேக்கர்ஸ்பீல்டை ஒதுக்கிவிட்டு, கிழக்கே சம்னர் என்ற தனது சொந்த ஊரை நிறுவிற்று. 1873இல் இரயில் முனையாக எழுந்த டெலானோ, அன்று மத்திய அரசில் உள்நாட்டமைச்சராயிருந்த கொலம்பஸ் டெலானோவின் பெயரைச் சூடிற்று. ஆற்றுநீருக்காகப் பெருநிலக்காரர் இரு பகுதியாகப் பிரிந்து வழக்காடினர். ‘லக்ஸ் எதிர் ஹகின்’ என்ற 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு கலிபோர்னியாவின் நீருரிமைச் சட்டத்தில் ஒரு மைல்கல். வழக்கில் தோற்ற ஹகினும் பின்னர் வென்றவருடன் சமரசம் செய்துகொண்டார். 1890இல் அவரும் கூட்டாளிகளும் அமைத்த கேர்ண் கவுண்டி நிலக் கம்பனி ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கரைத் தன்வசம் வைத்திருந்தது. யாரும் கூடி உருவாக்கிய ஊர்கள் அல்ல இவை. நிலமும் நீரும் தண்டவாளமும் யாரிடம் இருந்தனவோ அவர்கள் குறித்த இடங்களில் ஊர்கள் முளைத்தன.

இந்த நிலத்துக்குத்தான் ஒக்லஹோமாவின் ஜோட் குடும்பம் வந்துசேர்கிறது. 1930இல் 82,570ஆக இருந்த கேர்ண் கவுண்டியின் சனத்தொகை 1940இல் 135,124 ஆயிற்று. வந்தவர்கள் வெள்ளை நிறத்தவர், ஆங்கிலம் பேசுபவர், அமெரிக்கப் பிரசைகள். மாநிலத்தில் ஓராண்டு வசித்துவிட்டால் வாக்குரிமை உடையவர்கள். பருத்தி பறிக்க ஆயிரம் கைகள் வேண்டும். ஆனால் அக்கைகள் வாக்குச் சீட்டைத் தொடக்கூடாது. பெருநிலக்காரரின் இக்கட்டு இதுதான். பட்டினி கிடக்கும் கூலியைப் பற்றிய கதை அவர்களுக்குப் புதிதன்று. அதே கூலி ஊரவனாக மாறத் தலைப்படுகிறான் என்ற கதைதான் பொறுக்க முடியாததாயிற்று.

நாவலின் 22ஆம் அத்தியாயத்தில் ஜோட் குடும்பம் வீட்பாச் என்ற அரசாங்க முகாமுக்குள் நுழைகிறது. அதற்குச் சற்று முன்னர்தான் தகரக் கொட்டில்களாலான சேரி ஒன்றில், கூலி எவ்வளவு என்று எழுத்தில் தரக்கேட்ட ஒரு மனிதனை, கங்காணியோடு வந்த துணை ஷெரிப் கிளர்ச்சிக்காரன் என்று பிடிக்க முனைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது இரவுக் காவற்காரன் டொம் ஜோட்டிடம் சொல்லும் செய்திகள் டொமுக்கு நம்பமுடியாதவை. வாடகை வாரத்துக்கு ஒரு டொலர். பணமில்லாவிட்டால் வேலை செய்து கழிக்கலாம். பிடியாணை இன்றிப் பொலிசு உள்ளே வரமுடியாது. முகாம் மக்களே தங்கள் காவலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு சுகாதாரப் பிரிவும் மத்திய குழுவுக்குத் தன் பிரதிநிதியை அனுப்புகிறது. சட்டங்களை அக்குழுவே ஆக்குகிறது.

இலட்சியக் கனவு, பிரசாரம் என்று இவ்வத்தியாயங்களைச் சில விமரிசகர் ஒதுக்குவர். அவர்கள் நூலைக் கவனமாகப் படிக்கவில்லை என்றே கூறுவேன். ஸ்டைன்பெக் இங்கு ஒரு சபையின் நடவடிக்கைகளை அதன் அற்பமான, நகைப்புக்கிடமான விபரங்களோடு காட்டுகிறார். மாதர் குழு கூடி மலசலகூடத்துக் கடதாசி எவ்வாறு காணாமற் போகிறது என்று ஆராய்கிறது. நீரோட்டும் மலகூடத்தை வாழ்வில் முதன்முதல் கண்ட ஜோட் வீட்டுச் சிறுவர்கள், அதை உடைத்துவிட்டோம் என்று அஞ்சி ஓடுகிறார்கள். தன் பெண்பிள்ளைகள் காய்த் திராட்சையைத் தின்று வயிறு கழிந்து கிடக்க, முகாம் கடையில் கடன் வாங்கக் கூசும் ஒரு தாயைக் குழுத் தலைவி கண்டிக்கிறாள். அவள் கண்டிப்பதன் பொருள் யாதெனில், அக்கடன் தருமம் அன்று, முகாமிலுள்ள எல்லாருக்கும் உரியது என்பதாகும். உடனே இன்னொருத்தி, தருமச் சபை ஒன்று தனக்குச் சோறு போட்டபோது தான் அடைந்த அவமானத்தைச் சொல்கிறாள். தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரி உபதேசமின்றி, இரண்டு ஏழைப் பெண்களின் வாயால் வெளிப்படுத்தும் இப்பகுதி உலக யதார்த்த இலக்கியத்தில் எதற்கும் தாழ்ந்ததன்று.

சனி இரவு நடனத்தை எடுத்துக்கொள்வோம். தோமஸ் என்ற சிறு விவசாயி டொமுக்கும் உடன் வேலைசெய்வோருக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறான். மணிக்கு 30 சதம் கொடுத்துவந்த அவனை, விவசாயிகள் சங்கமும் அதன் பின்னால் நிற்கும் வங்கியும் 25 சதமாகக் குறைக்க வைத்திருக்கின்றன. சிறு உடைமையாளனின் இரண்டக நிலையை ஸ்டைன்பெக் இப்பாத்திரத்தில் அழகாகப் பிடித்துள்ளார். கூலியைக் குறைப்பவனும் அவனே, வெட்கத்தோடு இரகசியத்தைச் சொல்பவனும் அவனே. நடனத்தில் கலகம் மூட்ட மூவர் அனுப்பப்படுகின்றனர். கலகம் தொடங்கினால் பிடியாணை வேண்டாம். வாயிலில் பொலிசு காத்து நிற்கிறது. முகாம் குழு அம்மூவரையும் ஓசையின்றிச் சூழ்ந்து பிடித்து, அடிக்காமலே வேலிக்கு அப்பால் அனுப்பிவிடுகிறது. உன் இனத்தவருக்கு எதிராக ஏன் வந்தாய் என்று கேட்டபோது, மனிதன் சாப்பிட வேண்டுமே என்பது பதில். அந்தப் பதிலைச் சொல்லும் வாய்ப்பைப் பகைவனுக்கும் அளித்திருப்பதே கலைஞனின் நேர்மை.

ஸ்டைன்பெக் இம்முகாமைக் கற்பனையில் கட்டவில்லை. ஆர்வினுக்கு அண்மையில் மத்திய அரசு அமைத்த முகாமும், அதன் முதல் நிர்வாகி டொம் கொலின்ஸும் மெய்யானவர்கள். 1936இல் அங்கு சென்ற ஸ்டைன்பெக் அவ்வாண்டு ஒக்டோபரில் சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்றில் தொடர் கட்டுரைகள் எழுதினார். நாவலின் சமர்ப்பணத்திலும் கொலின்ஸுக்குப் பங்குண்டு.

இனி ஒரு முக்கியமான விடயம். முகாமில் எல்லாம் உண்டு, வேலை மட்டும் இல்லை. ஒரு மாதத்தில் டொமுக்குக் கிடைத்தது ஐந்து நாள் வேலை. எஞ்சியிருக்கும் மாவையும் உருளைக்கிழங்கையும் எண்ணிப்பார்த்த தாய், புறப்படுவோம் என்கிறாள். முகாமுக்கு அப்பாலுள்ள பீச்சுத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடக்கிறது. அங்கே ஜிம் கேசி கொல்லப்படுகிறான். அஃதாவது, சுயாட்சி மனிதனுக்குத் தன்மானத்தைக் கொடுத்தது. நிலம் பிறர் கையில் இருந்தமையால் சோற்றைக் கொடுக்க முடியவில்லை. நாவலின் நிகழ்ச்சி வரிசையே இத்தருக்கத்தைத் தாங்கி நிற்கிறது.

ஜோன் போர்ட் 1940இல் எடுத்த படம் இவ்வரிசையை மாற்றிவிட்டது. படத்தில் வேலைநிறுத்தமும் கொலையும் முன்னே வருகின்றன. முகாம் பின்னே வருகிறது. துன்பம், அதன்பின் அரசாங்கத்தின் அரவணைப்பு, அதன்பின் மக்கள் அழியமாட்டார்கள் என்ற தாயின் நம்பிக்கை மொழி! படம் சிறந்த படந்தான். ஒளிப்பதிவும் நடிப்பும் மறக்கவொண்ணாதவை. எனினும் இரண்டு அத்தியாயக் கூட்டங்களை இடம் மாற்றியதால் ஒரு நூலின் அரசியல் தலைகீழாகிவிடுகிறது. கதைக்கோப்பு வெறும் உத்தி என்று எண்ணும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாவல் தொட்டுச் சென்ற கேள்வியை 1944இல் ஒரு மானிடவியலாளர் அளந்து பார்த்தார். வோல்டர் கோல்ட்ஷ்மிட் என்பவர் மத்திய விவசாயத் திணைக்களத்துக்காக இரண்டு ஊர்களை ஒப்பிட்டார். ஒன்று அந்த முகாமின் அயலூரான ஆர்வின்; மற்றது துலாரி கவுண்டியிலுள்ள டைனூபா. விளைவின் பெறுமதி இரண்டிலும் ஏறத்தாழச் சமம். பண்ணையின் சராசரிப் பரப்போ டைனூபாவில் 57 ஏக்கர், ஆர்வினில் 497 ஏக்கர். டைனூபாவில் 62 வர்த்தக நிலையங்கள், ஆர்வினில் 35. டைனூபாவில் நான்கு ஆரம்பப் பாடசாலைகளும் ஓர் உயர்தரப் பாடசாலையும். ஆர்வினில் ஒரே ஓர் ஆரம்பப் பாடசாலை. டைனூபாவில் மூன்று பூங்காக்கள். ஆர்வினில் கம்பனி ஒன்று இரவல் கொடுத்த விளையாட்டிடம். உழைப்போரில் கூலிவிவசாயிகள் ஆர்வினில் மூன்றில் இரு பங்கினர். டைனூபாவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு.

இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. டைனூபா 1906 முதல் நகராட்சி உடையது. ஆர்வினில் 1944இல் நகராட்சியே இல்லை. வீதி விளக்கு வேண்டுமென்றால் யாரைத் தேர்தலில் தோற்கடிப்பது என்று அவ்வூரார் அறியார். எல்லா முடிவும் கவுண்டி அதிகாரிகளிடம். தோட்டங்களின் நடுவே ஊர் என்ற பெயரில் கடைத்தெரு ஒன்று மட்டும் நீண்டு கிடப்பதைக் கண்டறிந்த நம் வாசகருக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாய்வின் தொடர்ச்சியாக 25 ஊர்களை ஆராயத் திட்டமிருந்தது. அது நிறுத்தப்பட்டது. முதலாய்வு 1946இல் செனற் சபைக் குழுவொன்றின் வெளியீடாகவும், 1947இல் நூலாகவும் வெளிவந்தது. 1984இல் ஹேய்ஸ், ஒல்ம்ஸ்டெட் என்ற பொருளியலாளர் இருவர், இவ்விரு ஊர்களும் ஒப்பிடத்தக்கவை அல்ல, நீர்வசதியாலும் குடியேற்ற வரலாற்றாலும் வேறுபட்டவை என்று மறுத்தனர். மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆர்வின் இளைய ஊர், டைனூபா மூத்த ஊர். ஆனால் நீர் யாருக்குக் கிடைத்தது, யார் எவ்வளவு நிலத்தில் குடியேறினர் என்பன வானத்திலிருந்து விழுந்த வேறுபாடுகள் அல்லவே! அவையும் உடைமை வரலாற்றின் பகுதிகளே.

ஆர்வின் பிந்தி 1960இல் நகராட்சி பெற்றது. லமொண்டும் வீட்பாச்சும் இன்றுவரை நகராட்சி பெறாத ஊர்கள்.

இவ்வளவு பாராட்டியபின் நாவலின் குறையையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவின் வயல்களில் ஜோட் குடும்பத்துக்கு முன்பே சீனரும் யப்பானியரும் மெக்சிக்கரும் பிலிப்பினரும் முதுகொடிந்தனர். 19ஆம் அத்தியாயத்தில் ஓரிரு வரிகளில் அவர்கள் கடந்துபோகிறார்கள். அதன்பின் ஒரு பாத்திரமாகக்கூட ஒருவரும் தலைகாட்டவில்லை. முகாமின் சுயாட்சி வெள்ளை ஏழைகளின் சுயாட்சியாகவே நூலில் நிற்கிறது. வாசகரின் இரக்கத்தைப் பெற, இவர்கள் பழைய அமெரிக்கக் குடிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய நிலை ஆசிரியருக்கு. அது தந்திரமாயின் வெற்றிபெற்ற தந்திரம். நோக்காயின் குறுகிய நோக்கு. நான் இரண்டாவதென்றே கருதுகிறேன்.

வரலாறு இக்குறையைத் திருத்திற்று. அதே கேர்ண் கவுண்டியில், அதே டெலானோவில், 1965 செப்டெம்பர் 8ஆம் நாள் லரி இற்லியொங்கின் தலைமையில் பிலிப்பினத் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். எட்டு நாட்களின் பின் சீசர் சாவெஸின் மெக்சிக்கச் சங்கம் அவர்களோடு சேர்வதென வாக்களித்தது. 1966 மார்ச்சில் செனற் உபகுழு டெலானோவில் கூடியபோது, சட்டத்தை மீறக்கூடும் என்று கருதியே வேலைநிறுத்தக்காரரைக் கைதுசெய்ததாகக் கவுண்டி ஷெரிப் விளக்கினார். மதிய இடைவேளையில் அரசியல் யாப்பைப் படித்துப் பார்க்கும்படி றொபேட் கென்னடி அவருக்கு ஆலோசனை கூறினார். நாவலில் எழுத்தில் கூலி கேட்டவனைப் பிடிக்க வந்த துணை ஷெரிப்பை நினைவுகூராமல் இதனைப் படிக்க முடியாது. இடையே 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முகாம்களில் கொலின்ஸோடு பணியாற்றிய சனோரா பாப் என்ற எழுத்தாளர் தாமும் இம்மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். ஸ்டைன்பெக்கின் நூல் சந்தையை நிறைத்துவிட்டதால் 1939இல் பதிப்பாளர் அதைக் கைவிட்டனர். 2004இல்தான் அது அச்சேறிற்று. இலக்கியச் சந்தைக்கும் பெருநிலக்காரர் உண்டு என்க.

கவுண்டி ஆட்சியில் எல்லாரும் ஒரே முகத்தினர் என்றும் எண்ணவேண்டாம். கவுண்டி நூலகர் கிரெச்சன் நீஃப் சபையின் ஊழியர். தீர்மானத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியவர். அவர் கீழ்ப்படிந்தார், ஆனால் நூலைத் தடுப்பதால் கருத்து சாகாது என்று சபைக்குக் கடிதமும் எழுதினார். கவுண்டியின் கல்வி அதிகாரியாகத் தேர்தலில் வென்ற லியோ ஹார்ட், ஏனைய பாடசாலைகளில் ஏளனத்துக்கு ஆளான முகாம் பிள்ளைகளுக்கென 1940இல் முகாமின் பக்கத்திலேயே ஒரு பாடசாலை தொடங்கினார். பிள்ளைகளும் ஆசிரியருமே சேர்ந்து கட்டடத்தை எழுப்பினர். நீச்சற் குளத்தையும் தோண்டினர். பின்னர் ஊரார் தம் பிள்ளைகளையும் அங்கே சேர்க்க விரும்பினர் என்பது ஆசிரியராகிய நமக்கு இனிக்கும் செய்தி. அவரை அப்பதவியில் அமர்த்தியது கவுண்டி மக்களின் வாக்குத்தான். நூலைத் தடைசெய்த நால்வரை அமர்த்தியதும் அதே வாக்குத்தான்.

உயர்வகுப்பு மாணவருக்கு இந்நாவலை அறிமுகஞ் செய்யும் ஆசிரியர்கள், முழுநூலையும் படிப்பிக்க நேரமில்லை என்று முறையிடுவது எனக்குத் தெரியும். அத்தகையோர் 19ஆம் அத்தியாயத்தையும், 22 முதல் 26 வரையுள்ள அத்தியாயங்களையும் வகுப்பில் வாசிப்பிக்கலாம். அதன்பின் படத்தைக் காட்டி, முகாம் ஏன் இடம் மாறியது என்று மாணவரிடமே கேட்கட்டும். எனது வகுப்பில் கேட்டபோது ஒரு மாணவி, படத்தில் அவர்கள் வேலைக்காகப் போகிறார்கள், புத்தகத்தில் பசிக்காகப் போகிறார்கள் என்றாள்.